எட்டடி தள்ளி அடித்த முளை

அய்யாசாமிக்கு டெல்லி முழுக்க அத்துப்படி. எந்த ரோடு எங்கே வளைகிறது, எந்தக் காலனிக்கு அடியில் எந்தக் குளம் புதைந்து கிடக்கிறது, எல்லாம் சொல்லுவான். சொல்லமாட்டானா பின்னே? அங்கெல்லாம் முளை அடித்தவனே அவன்தானே! தென்னாற்காட்டிலிருந்து பிழைக்க வந்தவன், லோதி ரோடு ஓவர்சியர் ராஜாராமன் தயவில் சர்வே பார்ட்டியில் கலாசி ஆனான். சிவப்பு வெள்ளைக் கம்பைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நிற்க வேண்டும், ஓவர்சியர் கை காட்டிய இடத்தில் முளையை அடிக்க வேண்டும். பதினான்கு வருஷம் இதே வேலை. ஊரான் வீட்டுக்கெல்லாம் இடம் அளந்தவனுக்கு இருந்தது ஜங்புரா சாக்கடை நாலாக் கரையில் ஒரு ஜுக்கிக் குடிசை, அதில் மனைவி பொன்னி, இரண்டு பிள்ளைகள்.

எழுபத்தாறில் அந்த நாலாக் கரைக்கே ஒரு ரோடு வந்தது. பதினோரு ஜுக்கிகள் போவது முதல் நாளே தெரிந்துவிட்டது. மறுநாள் கடைசி முளைக்கு ராஜாராமன் கை காட்டிய இடம் அய்யாசாமியின் வாசல்.

"சார், இது நம்ம வூடு."

"தெரியும் அய்யாசாமி. நான் என்ன பண்ணட்டும்? மேப்ல கோடு போட்டவன் எவனோ. பத்து நாள்ல லாரி வரும். யமுனைக்கு அந்தண்டை எங்கயாவது காட்டுல கொண்டுபோய் எறக்கிடுவா. ஜல்தி அடி, பசிக்கறது."

அடித்தான். தன் வாசலில் தானே அடித்தான். ராஜாராமன் வேப்பமரத்தடியில் தயிர்சாதத்தைத் திறந்ததும், அதே கையால் முளையைப் பிடுங்கி எட்டடி தள்ளி எதிர்ப்பக்கம் அடித்து, பழைய குழியைக் காலால் மிதித்து மூடினான். எதிர்வீடு தங்கத்தினுடையது. புருஷனை இழந்தவள், ஒரே ஒரு பெண்குழந்தை, நாலு வீட்டில் பாத்திரம் தேய்ப்பவள். ஒண்டிப் பொம்பளை, எங்கே போனாலும் பிழைத்துக்கொள்வாள் என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டான். அடப்பாவி! ஒண்டிப் பொம்பளை என்றால் இளப்பமா?

ராஜாராமன் கையைத் துடைத்துக்கொண்டு வந்து முளைகளை எண்ணினார். எண்ணிக்கை சரியாக இருந்தது. கோணலைப் பார்த்தும் பார்க்காமல் விட்டாரோ என்னவோ, அது அவருக்கே வெளிச்சம். மறுநாள் வேறு ஆட்கள் வந்து முளையிலிருந்து அளந்து, இடிக்க வேண்டிய வீடுகளில் சிவப்புப் பெருக்கல்குறி போட்டுவிட்டுப் போனார்கள். பன்னிரண்டாவது குறி தங்கத்தின் கதவில் விழுந்தது.

லாரி வந்த அன்று தங்கம் மண்ணை வாரி இறைத்தாள். "எந்தக் கொள்ளிக்கண்ணு பட்டுச்சோ, நாசமாப் போவ!" என்று அலறினாள். அவள் தகரப்பெட்டியை லாரியில் ஏற்றிவிட்டது அய்யாசாமி. வெட்கம்கெட்டவன்.

கெடுவான் கேடு நினைப்பான் என்பார்கள். கேடு வந்த வழிதான் விசித்திரம். குறி விழுந்த பன்னிரண்டு பேருக்கும் யமுனைக்கு அந்தப் பக்கம் ஆளுக்கு இருபத்தைந்து கஜம் மண் கொடுத்தார்கள், பெயர் போட்ட காகிதத்தோடு. முதலில் அது வெறும் காடு. தண்ணீர் கிடையாது, விளக்கு கிடையாது, வேலைக்கு லோதி ரோடு வர இரண்டு பஸ் மாற வேண்டும். மூன்று குடும்பங்கள் அந்த மண்ணை வந்த விலைக்கு விற்றுவிட்டு எங்கோ போய்விட்டன. தங்கம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். விடியுமுன் எழுந்து பஸ்ஸைப் பிடித்தாள். வருஷா வருஷம் நாலு வரிசை செங்கல் ஏற்றினாள். எண்பதில் விளக்கும் வந்தது.

"நமக்கு வேணாம்பா அந்தக் காடு" என்று அய்யாசாமி அதுவரை சொல்லிக்கொண்டுதான் இருந்தான்.

எண்பத்திரண்டில் பெரிய விளையாட்டுப் போட்டி வந்தது. ஊர் முகத்தைத் துடைத்துப் பவுடர் பூசிக்கொண்டது. புது ரோட்டில் போகிற வெளிநாட்டுக்காரன் கண்ணில் ஜுக்கி படக்கூடாதாம். படக்கூடிய இடத்தில், ரோட்டோரத்தில், முதல் ஆளாக நின்றது அய்யாசாமி வீடு. ராஜாராமன் அதற்குள் ரிடயராகி மதராஸுக்கே போய்விட்டார். அய்யாசாமி இடிக்க வந்தவனிடம் மாற்று இடம் கேட்டு ஓடினான்.

"பையா, எழுபத்தாறுல குறி போட்ட லிஸ்டுல பேர் இருந்தவங்களுக்குத்தான் ப்ளாட்டு. உன் பேர் இருக்கா?" என்று அவன் ஹிந்தியில் கேட்டான்.

"நான் சர்வே ஆளுங்க. இந்த ரோடே நான் முளை அடிச்சதுதான்."

"அச்சா! அப்படின்னா உனக்குத் தெரியணுமே" என்று சிரித்தான் அவன்.

அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. ரோட்டோரத்தில் சட்டிபானையோடு உட்கார்ந்திருந்தவர்களைத் தேடி மறுநாள் வந்தது யார்? வேலைக்கு வந்த இடத்தில் சேதி கேட்ட தங்கம்தான்.

"நம்ம நாலாக் கரைக்காரங்க ரோட்ல குந்தறதா? எழுந்திரிங்கண்ணே. எங்க வூட்டுக்குப் பின்னாடி தகரம் எறக்கித் தரேன், இருந்துக்குங்க. வாடகைகீடகைன்னு வாய் தொறந்தீங்க, கெட்ட கோவம் வரும்."

போனார்கள். வேறு போக்கிடம் ஏது? சாயங்காலம் தங்கமே சோறாக்கிக் கருவாட்டுக் குழம்போடு தகரத்தடிக்குக் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனாள். அய்யாசாமி முதல் கவளத்தைப் பிசைந்துகொண்டே இருந்தான். பிள்ளைகள் அந்தப் பக்கம் விளையாடிக்கொண்டிருந்தார்கள். தணிந்த குரலில், ஆறு வருஷத்துக் குப்பையைப் பொன்னியிடம் கொட்டிவிட்டான்.

பொன்னி அழவில்லை. எதிரே இருந்த செங்கல் சுவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். அவள் முகம் கறுத்துவிட்டது.

"அப்ப இது எனக்கு வரவேண்டிய வூடு."

"தங்கத்துக்கிட்ட சொல்லிடணும் பொன்னி. மனசு அறுக்குது."

"சொல்லு. நல்லா சொல்லு. சொல்லிட்டு எம் புள்ளைங்கள எங்க கொண்டுபோய்ப் படுக்க வெப்ப? வாய மூடிக்கினு சோத்தத் துன்னு."

உள்ளேயிருந்து தங்கத்தின் குரல் வந்தது. "அண்ணி, கொழம்பு போதுமா? இன்னும் கொஞ்சம் ஊத்தட்டா?"

"போதும்மா, நெறைய இருக்குது" என்றாள் பொன்னி.