நீச்சல் தெரியாத ஆள் தேவை

என் மகள் இரண்டாம் ஆண்டு பி.யூ.சி., அதாவது பன்னிரண்டாம் வகுப்பு, படித்துக்கொண்டிருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தோசை தின்றுகொண்டே சொன்னாள்.

"அம்மா, நான் சி.ஏ. பண்ணல. ஸ்விம்மிங் கோச் ஆகப் போறேன்."

கல்லில் கிடந்த தோசையைத் திருப்ப மறந்துபோனேன். என் கணவர் எழுந்து வந்து அடுப்பை அணைத்தார். அவர் லிப்ட் கம்பெனியில் சர்வீஸ் என்ஜினியர். நடு மாடியில் லிப்ட் நின்று உள்ளே ஆட்கள் கத்தினாலும் நிதானமாகப் பேசிப் பழகியவர். அன்றும் அப்படித்தான் கேட்டார்.

"கோச்சுன்னா, அதுக்கு என்ன படிக்கணும் பாப்பா?"

எல்லாவற்றையும் தயாராக வைத்திருந்தாள். முதலில் உதவிப் பயிற்றுநர் சான்றிதழ். பதினேழு வயது முடிந்திருந்தால் சேரலாம். எட்டு வாரம், சனி ஞாயிறு மட்டும் வகுப்பு. பிறகு விளையாட்டு அறிவியலில் மூன்று வருடப் பட்டம். அதற்கிடையில் இரண்டாம் நிலைச் சான்றிதழ். அதன் பிறகு பள்ளிகள், கிளப்புகள், அடுக்குமாடிக் குடியிருப்புகளின் நீச்சல் குளங்கள். நோட்டில் அம்புக்குறி போட்டு வரைந்திருந்தாள். நான் அந்த நோட்டை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை.

"ஸ்டேட் மீட்டுல நீ ஏழாவதா வந்த. அதை மறந்துட்டியா?" என்றேன்.

சொன்ன வேகத்திலேயே அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாமா என்றிருந்தது. அவள் கோபப்படவில்லை.

"அதனாலதாம்மா சொல்றேன். நான் ஜெயிக்கிற ஆள் இல்ல. எனக்கே தெரியும். ஆனா எனக்குச் சொல்லிக்குடுக்க வருது."

ஐந்தாம் வகுப்பிலிருந்து தொம்மலூரில் எங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள குளத்தில் நீந்தினாள். கோடை விடுமுறை வகுப்புகளில் சின்னப் பிள்ளைகளை ஓரக் கம்பியைப் பிடிக்க வைத்துக் காலடிக்கப் பழக்குவாள். அதைப் பொழுதுபோக்கு என்றே நினைத்திருந்தேன்.

என் பயத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. வைட்ஃபீல்டில் ஒரு கம்பெனியில், புதிதாக வேலைக்குச் சேருபவர்களின் சான்றிதழ்கள் உண்மையா என்று சரிபார்ப்பது என் வேலை. பதினோரு வருடமாக அதைத்தான் செய்கிறேன். பளபளப்பான தாளில் தங்க முத்திரை குத்திய சான்றிதழைக் கொடுத்த நிறுவனம் ஒரு டீக்கடையின் மாடியில் ஒற்றை அறையாக இருந்ததைக் கண்டிருக்கிறேன். அதை நம்பி வந்த பையன்களின் முகங்களையும் பார்த்திருக்கிறேன். என் மகள் அப்படி ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு யாரோ ஒருவரின் மேஜைக்கு முன்னால் நிற்பாள் என்ற எண்ணம் பஸ்ஸிலும் மெட்ரோவிலும் என்னுடனே வந்தது.

மறுநாள் மதிய உணவு இடைவேளையில் அந்தப் பயிற்சி நிறுவனத்துக்குப் போன் செய்தேன். பாடத்திட்டத்தை வகுத்தது யார், சான்றிதழில் கையெழுத்துப் போடுவது யார், எந்த அமைப்பின் அங்கீகாரம், அந்த அமைப்பில் யாரிடம் பேசலாம், இதுவரை படித்தவர்கள் எங்கே வேலை பார்க்கிறார்கள் என்று வரிசையாகக் கேட்டேன். எதிர்முனையில் இருந்தவர் பொறுமையாகப் பதில் சொல்லிவிட்டு, கடைசியில் கேட்டார்.

"மேடம், நீங்க பேரன்ட்டா, போலீஸா?"

அவர் கொடுத்த எண்கள் எல்லாவற்றுக்கும் பேசினேன். எல்லாம் சரியாக இருந்தன. ஒரு குறை கிடைத்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு காரணம் மிஞ்சியிருக்கும்.

பி.யூ.சி. பரீட்சை முடிந்ததும் சேர்ந்தாள். என் கணவர் ஒரு நிபந்தனை போட்டார். பி.காம். விண்ணப்பமும் போட்டு வைக்க வேண்டும். போட்டாள். எட்டு வாரமும் சனி ஞாயிறுகளில் ஈரத் தலையோடு வீட்டுக்கு வந்து, மூச்சு நின்றவருக்கு நெஞ்சை எப்படி அழுத்த வேண்டும் என்று சோபா மெத்தையில் அழுத்திக் காட்டுவாள். எழுத்துத் தேர்வு நன்றாகவே முடிந்தது. கடைசி ஞாயிற்றுக்கிழமை செய்முறைத் தேர்வு. அதில் இரண்டு பகுதி. முதலில், நீச்சலே தெரியாத பெரியவர் ஒருவருக்கு இருபத்தைந்து நிமிடம் பாடம் எடுக்க வேண்டும். அடுத்தது மீட்பு. குளத்தின் அடியில் கிடக்கும் கனமான ரப்பர் கல்லை மூழ்கி எடுத்து, குறித்த நேரத்துக்குள் கரை சேர்க்க வேண்டும். பாடம் கற்க வரும் ஆளைத் தேர்வுக்கு வருபவரே கூட்டி வர வேண்டும் என்பது விதி.

எங்கள் கட்டடத்தில் இரண்டாம் மாடியில் இருக்கும் பெண் வருவதாக ஒப்புக்கொண்டிருந்தாள். நீச்சல் கற்க வேண்டும் என்று ஆசைப்பட்டுப் புது நீச்சலுடை வாங்கி வைத்திருந்தாள். தேர்வு ஒன்பது மணிக்கு. ஏழரைக்குப் போன் செய்தாள்.

"எங்க பாப்பாவுக்கு விடிய விடிய ஜுரம்க்கா. நூத்தி மூணு. என்னால விட்டுட்டு வர முடியல. மன்னிச்சுக்கங்க."

என் மகள் தனக்குத் தெரிந்த எல்லோருக்கும் போன் செய்தாள். தோழிகள் எல்லோருக்கும் நீச்சல் தெரியும். ஒருத்தியின் அம்மா ஊருக்குப் போயிருந்தார். ஒரு அக்கா போனையே எடுக்கவில்லை. என் கணவரோ சின்ன வயதிலேயே கிணற்றில் குதித்து நீந்தியவர். எட்டு மணியாகிவிட்டது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு ஹாலில் நின்றாள்.

"நான் வரேன்" என்றேன்.

"வேணாம்மா."

"ஏன்?"

"நீ பயந்தா நான் பெயில்."

அவள் சொன்னதில் தவறில்லை. தண்ணீரைப் பார்த்தாலே எனக்கு மூச்சு முட்டும். சின்ன வயதில் ஏதாவது நடந்ததா என்று எல்லோரும் கேட்பார்கள். எதுவும் நடக்கவில்லை. ஷவருக்கு நேராக முகத்தைக் காட்ட மாட்டேன், அவ்வளவுதான். எட்டு வருடம் அவளை அந்தக் குளத்துக்குக் கூட்டிப்போனேன். ஒருநாளும் விளிம்பு வரை போனதில்லை, சுவரோரம் போட்ட பிளாஸ்டிக் நாற்காலியில்தான் உட்கார்ந்திருப்பேன்.

"வேற யாரு இருக்கா?" என்று கேட்டேன்.

இரண்டாம் மாடிக்குப் போய் நீச்சலுடையை வாங்கி வந்தேன். முழங்கால் வரைக்கும் முழங்கை வரைக்கும் மூடியது. எனக்கு ஒரு அளவு சிறியது. ஆட்டோவில் போகும்போது அவள் தாளில் எழுதிய பாடத் திட்டத்தைத் திரும்பத் திரும்பப் படித்தாள்.

தேர்வாளர் நாற்பது வயதுக்கு மேற்பட்ட பெண்மணி. கழுத்தில் விசில், கையில் அட்டையில் செருகிய தாள்கள். என்னைப் பார்த்ததும் கன்னடத்தில் என் மகளிடம் ஏதோ கேட்டார். "ஹவுது மேடம், நம் அம்மா" என்றாள் அவள், ஆமாம் என்று தலையாட்டியபடி. சொந்தக்காரர் கூடாது என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். சொல்லிவிட மாட்டாரா என்றும் இருந்தது. அவர் ஆங்கிலத்தில், "அம்மாவுக்குச் சொல்லிக்கொடுப்பது ரொம்பக் கஷ்டம். நேரத்தைச் சரியாகப் பார்த்துக்கொள்" என்று மட்டும் சொன்னார். என் பக்கம் திரும்பி, "ஹெதரபேடி" என்றார். பயப்படாதீர்கள். வாழ்க்கை முழுவதும் எல்லோரும் எனக்குச் சொல்லும் வார்த்தை. அதைக் கேட்டதும் பயம் இன்னும் கூடியது.

குளத்தில் அந்த நேரத்தில் நான்கு ஜோடிகள். விசில் ஊதியது. என் மகள் தண்ணீரில் இறங்கி நின்று என்னைப் பார்த்தாள். வீட்டில் கேட்காத குரல் ஒன்று அவளிடமிருந்து வந்தது.

"வணக்கம்மா. நீங்க இன்னிக்கு முதல் தடவை வரீங்க. மொதல்ல விளிம்புல உக்காந்து காலை மட்டும் உள்ள விடுங்க. போதும்."

'நீங்க' என்றாள். நான் உட்கார்ந்தேன். பிறகு படியில் நின்றேன். பிறகு கம்பியைப் பிடித்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நின்றேன். அதுவரை சரியாகத்தான் போனது. பக்கத்து ஜோடியில் ஒரு தாத்தா உதைத்த தண்ணீர் என் முகத்தில் அடித்தது. என்ன செய்தேன் என்று எனக்கு முழுதாக நினைவில்லை. கம்பியை விட்டுவிட்டேன். கால் வழுக்கியது. மூக்கில் தண்ணீர் ஏறியது. கையில் கிடைத்ததைப் பிடித்தேன். பிடித்தது என் மகளின் கழுத்து. அவளையும் சேர்த்து அமுக்கினேன். அவள் தலை தண்ணீருக்குள் போய் வந்ததைப் பார்த்தது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

அவள் என்னை உதறவில்லை. என் முதுகுக்குப் பின்னால் கையைக் கொடுத்துத் திருப்பி, படிக்கட்டில் உட்கார வைத்தாள். அவள் கழுத்தில் என் நகம் பட்டு மூன்று கோடுகள் சிவந்திருந்தன. நான் இருமிக்கொண்டே அழுதேன். தேர்வாளர் எட்டிப் பார்த்துவிட்டு எதையோ எழுதினார்.

"நான் ஏறிடுறேன். நீ எதுவாவது சொல்லிச் சமாளிச்சுக்க" என்றேன்.

"ஏறிடலாம்மா. உங்க இஷ்டம். மூச்சு சரியாகட்டும், அப்புறம் முடிவு பண்ணுங்க" என்றாள். ஒன்றும் ஆகாது என்று அவள் சொல்லவில்லை. எதிரில் இருந்த பெரிய கடிகாரத்தை நான் பார்த்தேன், அவள் பார்க்கவில்லை. பத்து நிமிடம்தான் மீதி இருந்தது. மல்லாந்து மிதக்க வைப்பதுதான் அவளுடைய திட்டம். காலையில் ஆட்டோவில் ஏறும்முன் தாளில் எழுதியதை நான் பார்த்திருந்தேன். அவள் அதை விட்டுவிட்டாள்.

"உங்களுக்கு எது ரொம்பக் கஷ்டம்?" என்று கேட்டாள்.

இத்தனை வருடத்தில் யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை.

"மூக்குக்கு மேல தண்ணி வந்தா" என்றேன்.

"அப்ப மூக்கு வரைக்கும் போக வேணாம். வாய் மட்டும். டீயை ஊதற மாதிரி தண்ணியை ஊதுங்க. கம்பியை விடவே வேணாம்."

ஊதினேன். உதடு தண்ணீரைத் தொட்டது. இரண்டாவது முறை உதடு உள்ளே போனது, குமிழிகள் வந்தன. "எத்தனை வந்துச்சுன்னு பாருங்க" என்றாள். ஐந்தாவது முறை ஊதியபோது மூக்கு நனைந்தது. பிறகுதான் அது எனக்கே தெரிந்தது. விசில் ஊதியது. அவ்வளவுதான் என் பாடம். குளத்தின் மறுபக்கத்தில் அந்தத் தாத்தா மிதவைப் பலகையைப் பிடித்துக்கொண்டு அகலம் முழுவதும் காலடித்துப் போயிருந்தார். அவர் மகன் வயதுப் பயிற்றுநர் கை தட்டினான். நான் துண்டால் தலையை மூடிக்கொண்டேன்.

அரை மணி நேரம் கழித்து மீட்புத் தேர்வு. அவள் மூழ்கினாள், கல்லோடு மேலே வந்தாள், நீந்தினாள். கரையைத் தொட்டபோது தேர்வாளர் கையில் இருந்த கடிகாரத்தைப் பார்த்து உதட்டைச் சுழித்தார். ஏழு விநாடி தாமதம்.

வீட்டுக்குப் போகும் வழியில் கேட்டேன். "என்னாலதானே? கழுத்து வலிச்சுதா?"

"இல்லம்மா. கல்லு கை நழுவிடுச்சு."

அது உண்மையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பதினோரு வருடம் ஆட்களின் வார்த்தைகளைச் சரிபார்த்தவள் நான். இதை மட்டும் சரிபார்க்க வழியில்லை.

முடிவு இரண்டு வாரம் கழித்து மின்னஞ்சலில் வந்தது. அந்த இரண்டு வாரமும் அலுவலகத்தில் என் வேலையில் இரண்டு தவறுகள் செய்தேன். மீட்பில் தோல்வி, அதை மட்டும் மீண்டும் செய்துகாட்ட வேண்டும். பாடம் எடுப்பதில் தேர்ச்சி. கற்பவரின் நிலையைப் பார்த்துத் திட்டத்தை மாற்றினார், அவசரப்படுத்தவில்லை என்று தேர்வாளர் குறிப்பு எழுதியிருந்தார். நான் அதை மூன்று தடவை படித்தேன். என் மகள் ஒரு தடவை படித்துவிட்டு, "ஏழு செகண்டும்மா, ஏழு செகண்டு" என்று தலையணையில் முகத்தைப் புதைத்தாள்.

அப்போது பி.காம். இடமும் கிடைத்திருந்தது. கட்டணம் கட்டக் கடைசி நாள் நெருங்கியது. இதுதான் சமயம், பி.காமில் சேரச் சொல்லிப் பார்க்கலாம் என்று என் மனம் சொன்னது. என் கணவரும் என்னைத்தான் பார்த்தார். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "அடுத்த மீட்பு டெஸ்ட் எப்ப?" என்று கேட்டேன். தைரியத்தில் கேட்கவில்லை. பயம் அப்படியேதான் இருந்தது. ஆனால் அந்தப் படிக்கட்டில் அவள் என்னை நடத்திய விதத்தை நான் என் உடம்பில் அனுபவித்திருந்தேன். அதற்குப் பிறகு அந்தத் தொழில் அவளுக்கு வராது என்று சொல்ல என்னால் முடியவில்லை.

இரண்டு மாதம் கழித்துத் தேர்ச்சி பெற்றாள், நான்கு விநாடி மிச்சத்தோடு. அந்தமுறை நான் போகவில்லை. போகாதே என்று இருவரும் சொன்னார்கள்.

இப்போது விளையாட்டு அறிவியலில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். காலை ஆறரைக்கு வைட்ஃபீல்டில் ஒரு குடியிருப்புக் குளத்தில் எட்டுப் பிள்ளைகளுக்கு வகுப்பு. முன்பெல்லாம் அவளுக்கு வேலை கிடைக்குமா என்று பயந்தேன். இப்போது யாரோ பெற்ற எட்டுப் பிள்ளைகள் தண்ணீரில் அவளை நம்பி நிற்கிறார்களே என்று பயப்படுகிறேன். இந்தப் பயம் பெரியது. ஏழரை மணிக்கு வகுப்பு முடிந்ததும் ஒரு செய்தி அனுப்பச் சொல்லியிருக்கிறேன். சில நாள் மறந்துவிடுகிறாள். அன்று நானே கூப்பிடுவேன்.

நேற்று கூப்பிட்டபோது பின்னால் பிள்ளைகளின் கூச்சல் கேட்டது.

"எட்டுப் பேரும் வெளில வந்துட்டாங்களா?" என்று கேட்டேன்.

"ஏழு பேர் வந்துட்டாங்கம்மா. ஒருத்தி மட்டும் தண்ணியை விட்டு வர மாட்டேன்னு அடம் பிடிக்கிறா. வெச்சுடறேன்" என்று சொல்லிப் போனை வைத்தாள்.