சிப்பாயின் கழுத்தில் மாலை

செத்துப்போன ஒன்றை உயிரோடு இருப்பதாகச் சொல்லி ஒரு பிள்ளையைக் காத்திருக்க வைப்பது பிரியமா, கொடுமையா? நாகையாவின் வாழ்க்கை இந்தக் கேள்வியைத்தான் கேட்டது போலிருக்கிறது. அவனோ கேள்வி கேட்டுப் பழகாதவன். பிழைக்கக் கடல் கடந்து வந்த இடத்தில், பிரிக்பீல்ட்ஸ் ரயில் யார்டில் தண்டவாளத்தை மாற்றிவிடும் வேலை. வண்டி எந்தப் பக்கம் போகவேண்டும் என்று மேலே உள்ளவர்கள் சொல்வார்கள்; அவன் கம்பியை இழுப்பான்.

1931இல் ஆட்குறைப்பு வந்தது. வாரத்தில் மூன்று நாள் வேலைதான் மிஞ்சியது. மனைவி அதற்கு முன்பே இறந்துபோயிருந்தாள். ஒன்பது வயது மகள் புஷ்பவல்லியை, ஊர் திரும்பிய தங்கை லெட்சுமியோடு நாகப்பட்டினம் கப்பலில் ஏற்றிவிட்டான். கிள்ளான் துறைமுகத்தில் அவள் அழவில்லை.

"சிப்பாயைப் பாத்துக்கப்பா. அது இருக்குற வரைக்கும் நான் திரும்பி வருவேன்."

சிப்பாய் அவள் வளர்த்த நாய். மூன்றாம் மாதம் அது வழக்கம்போல நாகையாவின் பின்னால் யார்டுக்கு வந்து சரக்கு வண்டியில் அடிபட்டுச் செத்தது. அந்த வண்டிக்குக் கம்பியை இழுத்தவன் அவன்தான். மகளுக்கு அதை எழுதவில்லை.

லெட்சுமியின் கடிதம் வந்தது. பிள்ளை பள்ளிக்கூடம் போக மறுக்கிறது, யாரோடும் சேர்வதில்லை. 'சிப்பாய்கிட்ட போயிடுவேன்' என்று துணிமூட்டையை இன்னும் அவிழ்க்கவில்லை. அதன் படம் ஒன்று அனுப்பினால் தேறும். அவளைத் திரும்ப அழைக்க இனி வழியில்லை என்பது நாகையாவுக்குத் தெரியும்.

அதே தெருவில் வேலாயுதம் போட்டோவைப் பார்த்து வர்ணப் படம் எழுதுகிறவன். செத்தவர்களுக்காகத்தான் அவனிடம் வருவார்கள். நாகையா இரண்டு போட்டோக்களை நீட்டினான். ஒன்று யார்டு ஆட்கள் வரிசையாக நின்றது, மற்றது மகள் புறப்படுமுன் சிப்பாயோடு எடுத்தது.

"இதுல தலை இருக்கு, உடம்பு ஆளுங்க காலுக்குப் பின்னால. அதுல உடம்பு இருக்கு, தலையை ஆட்டிட்டுது, புகையாட்டம் இருக்கு. ரெண்டையும் ஒட்டி ஒரு நாயாண்ணே?"

"முடியுமா முடியாதா?"

"முடியும். காது மடிஞ்சிருக்கே, நெசமாவா?"

"இடது காது. பொறந்ததுலேருந்து அப்படித்தான் இருந்துச்சு."

ஊரிலிருக்கும் மகளுக்கு அனுப்ப என்று மட்டும் சொன்னான், நாய் செத்ததை மறைத்துவிட்டான்.

பத்தாம் நாள் நாகையா படத்தை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து பார்த்தான். மடிந்த காது, ஈர மூக்கு, எல்லாம் அதுவேதான். ஆனால் நெற்றியில் குங்குமம், கழுத்தில் மல்லிகை மாலை.

"யாரு உன்னை மாலை போடச் சொன்னா?"

வேலாயுதம் நாக்கைக் கடித்துக்கொண்டான். "பதினஞ்சு வருஷமாப் போட்ட கைண்ணே, முடிக்கிறப்ப தானாப் போட்டுடுச்சு. நாய்க்குக் குங்குமம் வைக்கிற ஒரே பைத்தியம் நான்தான். நாளைக்கு வாங்க, மாலையைச் சிவப்புப் பட்டையாக்கிடறேன்."

மறுநாள் குங்குமம் இல்லை. மாலை இருந்த இடத்தில் சிவப்புக் கழுத்துப்பட்டை. சிப்பாய் கூப்பிட்டால் ஓடிவரும் போலிருந்தது. 'சிப்பாய் சுகம்' என்று எழுதிய கடிதம் நாகையாவின் சட்டைப்பையில் இருந்தது. உட்கார்ந்தான். வேலாயுதம் தூரிகைகளைக் கழுவி முடிக்கும்வரை படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு சொன்னான்: "மாலையைத் திரும்பப் போடு."

"என்னண்ணே, விளையாடுறீங்களா?"

"குங்குமத்தையும் வை."

"மாலையைப் பாத்துத்தானே நேத்துக் கோவிச்சீங்க? ஊருல பிள்ளை இதைப் பாத்தா நாய் செத்துட்டுன்னுல்ல நெனைக்கும்?"

நாகையா வர்ணக் கிண்ணத்தை அவன் பக்கம் நகர்த்தினான்; மாலையும் குங்குமமும் திரும்ப வந்தன. வர்ணம் காய்ந்ததும் படத்தை எண்ணெய்த் துணியில் சுற்றி, கிள்ளானுக்கு ரயிலேறி, ஊருக்குப் போகும் பழனியப்பனிடம் கொடுத்தான். 'சிப்பாய் சுகம்' கடிதத்தைக் கொடுக்கவில்லை. ஏன் அப்படிச் செய்தான் என்று வேலாயுதம் பல வருஷம் கேட்டுப் பார்த்தான். நாகையா கடைசிவரை சொல்லவில்லை.