எஞ்சினுக்குக் காட்டிய விளக்கு

பிள்ளைகளே, நம் பழைய காடியின் சாவியை உங்கள் அக்கா கையில் கொடுத்த கதையை அம்மா சொன்னால் அதில் நான் ஒரு கோமாளியாகத்தான் வருவேன். நானே எழுதினாலும் அப்படித்தான் வரும் போலிருக்கிறது. ஆனால் நான் எழுதும்போது துணைக்கு இன்னும் சில கோமாளிகளையும் சேர்த்துக்கொள்வேன்.

அக்காவுக்கு அப்போது ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு உள்ளே இருக்க வேண்டும். மேருவில் இருக்கும் நமக்கு ரயில் சரிப்படாது. முதல் ரயிலைப் பிடித்துக் கோலாலம்பூர் சுற்றிப் போனாலும் எட்டாகிவிடும். முதல் நாளே வராவிட்டால் பட்டியலில் அடுத்த ஆளைக் கூப்பிடுவோம் என்று தொழிற்சாலையிலிருந்து போனில் பேசிய பெண்மணி மரியாதையாகவே சொல்லிவிட்டார். ஆக, காடி ஓடினால்தான் வேலை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் காடிக்குப் பூஜை போட்டேன். எல்லாரும் பானட்டின் முன்னால்தான் சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள். நான் யோசித்தேன். முன்னால் இருப்பது வெறும் சாயம், ஓடுவது எஞ்சின், கும்பிடவேண்டியது யாரை? பானட்டைத் தூக்கி, எஞ்சின் தலைமேல் பித்தளை விளக்கை வைத்து, விளிம்பு வரை நல்லெண்ணெய் ஊற்றி ஏற்றினேன். எடுக்கும்போது விளக்கு கொஞ்சம் சாய்ந்து எண்ணெய் சிந்தியது. கண்ணில் பட்டதை வேட்டி முனையால் துடைத்தேன். கண்ணில் படாதது தன் வழியைப் பார்த்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை.

சனிக்கிழமை அக்காவுக்கு வேலைக்குப் போட இரண்டு செட் துணி எடுக்கக் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் போனோம். திரும்பும்போது பூமாலைக் கடைகளுக்கு எதிரே சிக்னலில் நிற்கிறோம், பானட் இடுக்கிலிருந்து புகை. ஓரங்கட்டித் திறந்தேன். ஒரு நிமிஷத்துக்குள் நாலு நிபுணர்கள் கூடிவிட்டார்கள். முருங்கைக்காய்ப் பை வைத்திருந்த அங்கிள் ரேடியேட்டர் முடிஞ்சது என்றார். மோட்டாரில் வந்தவர் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் ஹெட் கேஸ்கட் என்றார், என் எஞ்சினைச் சின்ன வயசிலிருந்து தெரிந்தவர் போல. மூன்றாவது ஆள் விற்றுவிடச் சொன்னார். நாலாவது ஆள் யார் வாங்குவார் என்று கேட்டார். ஒருத்தரும் குனிந்து பார்க்கவில்லை. நான் நாலு பேருக்கும் தலையாட்டினேன். நானும் குனியவில்லை.

மெதுவாக ஓட்டிக்கொண்டு நம் வழக்கமான போமனிடம் போனோம். பத்து வருஷமாக நம் காடியைப் பழுது பார்ப்பவர். மூடியிருந்த பானட்மேல் நாடி பிடிக்கிற வைத்தியர் மாதிரி கையை வைத்தார்.

“ஹெட் கேஸ்கட் போச்சுண்ணே. எஞ்சின இறக்கணும். ஒரு வாரம் ஆகும்.”

அக்கா கேட்டாள், ஹெட் கேஸ்கட் போயிருந்தால் பின்னால் புகைக்குழாயில் வெள்ளையாகப் புகை வரணுமே, ரேடியேட்டர் தண்ணீரும் குறையணுமே, இரண்டும் இல்லையே என்று. அவர் பதிலை அவளுக்குச் சொல்லவில்லை, எனக்குச் சொன்னார்.

“பாப்பா போன்ல நெறைய வீடியோ பாக்குது போல.”

அவர் சிரித்தார். நானும் கூடச் சிரித்தேன். இந்தக் கதையில் நான் செய்த தப்புகளில் விளக்கு சின்னது, அந்தச் சிரிப்புதான் பெரியது. அக்கா காடியை வீட்டுக்கே திருப்பச் சொன்னாள்.

அன்று சாயங்காலம் அவள் ஒரு பெரிய அட்டைப்பெட்டியைப் பிரித்துக் காடிக்கு அடியில் விரித்தாள். ஒழுகினால் எந்த இடத்தில், என்ன நிறத்தில் என்று அட்டை சொல்லுமாம். பச்சையாகவோ சிவப்பாகவோ இருந்து இனிப்பாக மணந்தால் ரேடியேட்டர் தண்ணீர், கறுப்பாக இருந்தால் எஞ்சின் எண்ணெய். ஞாயிறு காலை பார்த்தால் அட்டை சுத்தமாக இருந்தது. ஒழுகவே இல்லை என்று நான் மார்தட்டினேன். தரைக்கு வருமுன்னே சூட்டில் எரிந்துவிட்டால் அட்டைக்கு எப்படித் தெரியும் என்றாள். ஒரு குச்சியில் டிஷ்யூவைச் சுற்றி எஞ்சினின் பின்பக்கம் விட்டுத் துடைத்தாள். முகர்ந்தாள். பிறகு என் மூக்கிடம் நீட்டினாள்.

“ப்பா, இது என்ன வாடை?”

எனக்குத் தெரியாதா? சாமி அறையில் தினம் முகர்கிற வாடை. எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அம்மா சிரித்துச் சிரித்து வாசல் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

போமனுக்குப் போன் போட்டேன். அவரும் சிரித்து, சாமி எண்ணெய்தானேண்ணே, ஓட்டினா காஞ்சிடும் என்றார். நேற்று எஞ்சினை இறக்கச் சொன்னவர் இன்று போனிலேயே குணமாக்கிவிட்டார். எனக்கோ பெரிய நிம்மதி. தப்பு என்மேல் என்றால் காடிமேல் தப்பில்லை. நாள் முழுக்க வெட்கப்படத் தயாராக இருந்தேன்.

அக்கா விடவில்லை. எண்ணெய் அளவுக் குச்சியை உருவிப் பார்த்தாள்.

“நல்லெண்ணெய் நீங்க ஊத்துனது. எஞ்சின் ஆயிலும் கொறஞ்சிருக்கே, அது எங்க போச்சு?”

முதலில் என் எண்ணெயைத் துடைத்துவிட்டுப் பார்ப்போம் என்றாள். சூடு ஆறியிருந்த எஞ்சினைச் சவர்க்காரத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்தோம். பிறகு அவள் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார, சுங்கை பூலோ வரை போய் வந்தோம். நல்லெண்ணெய் வாடை போய்விட்டிருந்தது. ஆனால் வீட்டு வாசலில் நிறுத்தியதும் மெல்லிசாக நீலப் புகை, கருகிய வாடை. பானட்டைத் திறந்தாள். எஞ்சின் மேல்மூடியின் ஓரத்திலிருந்து புதுசாக ஒரு கறுப்புக் கோடு இறங்கி, சூடான புகைக்குழாய்மேல் சொட்டிக்கொண்டிருந்தது. என் எண்ணெய் இதையும் சேர்த்து மறைத்திருக்கிறது. போனில் படம் எடுத்துக்கொண்டு, எண்ணெய் அளவை நிரப்பி, நேராகப் போமனிடம் ஓட்டினாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரை கடை உண்டு.

படத்தை அவர்முன் நீட்டிச் சொன்னாள், “இந்த மூடிக்குக் கீழ இருக்கிற ரப்பர் மட்டும் மாத்துங்கண்ணே. எஞ்சின இறக்க வேணாம்.”

அவர் மறுபடி என்னைப் பார்த்தார், சிரிக்கத் தயாராக. நான் சிரிக்கவில்லை.

“அவ சொல்றதச் செய்ங்க,” என்றேன்.

அப்போதுதான் மனிதர் முதல் தடவையாகக் குனிந்தார். பிறகு ஸ்பானரை எடுத்தார். கழற்றி எடுத்த ரப்பர் பிஸ்கட் மாதிரி இரண்டாக உடைந்தது. ஒரு வாரத்து வேலை ஒரு மணி நேரத்தில் முடிந்தது.

திங்கள் விடியற்காலை நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்தேன். பானட்டின் முன்னால், எல்லாரையும் போல, சந்தனம் வைத்தேன். அக்கா எண்ணெய் அளவைப் பார்த்துவிட்டு என்னையும் ஒரு பார்வை பார்த்தாள்.

“வேற எதுவும் ஊத்தலையே?”

இல்லை என்றேன். நம்பினாளா தெரியாது, கிளம்பிவிட்டாள். காடி நின்ற இடத்தில் அட்டை அப்படியே கிடந்தது. அதன் ஓரங்களில் நசுங்கிய எலுமிச்சம்பழங்கள். நான் முட்டிபோட்டு, நன்றாகவே குனிந்து, அட்டை முழுவதையும் பார்த்தேன். எலுமிச்சைச் சாறு தவிர வேறு ஒரு சொட்டும் இல்லை. ஏழு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது போன் வந்தது. உள்ளே போகிறேன் என்றாள்.