வெறும் குழாய்

வென்டெல் என் தங்கை மாவிஸின் புருஷன். மொன்டானாவில் எங்கள் கவுண்டி நிர்வாகத்துக்குப் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறான். நவம்பரில் ஏறி உட்கார்ந்தால் ஏப்ரலில்தான் இறங்குவான் என்பாள் மாவிஸ். அத்தனை குளிர்காலமும் நெம்புகோலை இழுத்து இழுத்து வலது தோள் தேய்ந்துவிட்டது. வருகிற திங்கள் அறுவை சிகிச்சை. அதற்குப் பிறகு அந்தக் கையைத் தலைக்கு மேல் தூக்க வராது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். இறகும் நூலும் கட்டிய பொய் ஈயை வீசி மீன் பிடிக்கிறவனுக்கு வீசுகிற கைதான் எல்லாம்.

போன கோடையில் ஒரு மடுவில் கிழட்டு டிரவுட் மீன் ஒன்று இவன் தூண்டில் நரம்பை அறுத்துக்கொண்டு போயிருந்தது. அதை வலது கையால் ஒரு முறை பிடித்துப் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான் அவன் ஆசை. பிடித்தாலும் முத்தம் கொடுக்காத குறையாகத் திரும்ப விட்டுவிடுவான். இதற்கு ஒரு பகல் முழுக்க வண்டி ஓட்டி மலை ஏற வேண்டும். ஓட்டுவதும் சமைப்பதும் நான். எனக்குத் தூண்டில் பிடிக்கவே தெரியாது, தெரிந்துகொள்ளவும் ஆசையில்லை.

வெள்ளி சாயங்காலம் கூடாரம் போட்டோம். பக்கத்து மலையில் காடு எரிந்த புகை கண்ணைக் கரித்தது. ஞாயிறே ஆஸ்பத்திரியில் சேர வேண்டும் என்பதால் சனி காலை ஒரு பொழுதுதான் கையில் இருந்தது. வெயிலில் ஓடை சூடாகிவிட்டதால் மதியம் இரண்டு மணிக்கு மேல் யாரும் தூண்டில் போடக் கூடாதென்று உத்தரவு. ஆந்தை கத்துகிற விடிகாலையிலேயே வேலையை ஆரம்பிக்க வேண்டியிருப்பதால் ஆந்தை உத்தரவு என்போம் அதை.

விடிந்ததும் ரப்பர் கால்சட்டையை மாட்டிக்கொண்டு, தூண்டில் வைக்கிற அலுமினியக் குழாயின் மூடியைத் திருகினான். தலைகீழாகக் கவிழ்த்தான். உள்ளே இருந்து ஒரு செத்த அந்துப்பூச்சி விழுந்தது.

"எங்கடா கம்பு?" என்றேன்.

அவன் குழாய்க்குள் ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றான். "காயப் போட்டிருந்தேன்."

விஷயம் இதுதான். ஈரக் கம்பைக் குழாயில் போட்டால் பூஞ்சை பிடிக்கும். அதனால் ஒவ்வொரு முறையும் துடைத்து, கராஜில் இரண்டு ஆணிகளில் தொங்கவிடுவான். குழாயை மட்டும் பளபளவென்று வாசலருகே சாத்தி வைப்பான். சோம்பேறிக்கு இந்தத் தப்பு வராது. இவனை மாதிரி ஒழுங்கு பார்க்கிற ஆளுக்குத்தான் வரும்.

"தூக்கும்போது தெரியலையா மாப்ள?"

"குழாயே கனம்டா மச்சான். கம்பு இறகு மாதிரி. எப்படித் தெரியும்?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் காப்பிப் பாத்திரத்தை உதைத்தேன். காப்பியும் போயிற்று, கால் விரலும் போயிற்று.

அப்புறம்தான் மாவிஸின் தூண்டில் ஞாபகம் வந்தது. ஒரு பிறந்தநாளுக்கு இவன் வாங்கிக் கொடுத்தது. "அடுத்த வருஷம் எனக்கு லாரி டயர் வாங்கிக் குடு" என்று சொல்லி அவள் அதைத் தொடவே இல்லை. அன்றிலிருந்து வண்டியில் சீட்டுக்குப் பின்னால் கிடக்கிறது. எடுத்து நீட்டினேன். குட்டைக் கம்பு, ரோஸ் நிறத்தில் நூல் சுற்றும் சக்கரம்.

"அது பொம்மைடா. அந்த மீன் பார்த்தா சிரிக்கும்."

"மீன் சிரிச்சா நீயும் கூடச் சிரி. போய் எறங்கு."

கேட்டானா? மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து வெறும் குழாயை மடியில் வைத்துக்கொண்டு முகத்தைத் தூக்கிவைத்திருந்தான். காலை முழுக்கப் போயிற்று. கீழே மடுவில் அந்தக் கிழடு சாவகாசமாக ஈ தின்றுகொண்டிருந்தது. 'ப்ளக்' என்ற சத்தம் கூடாரம் வரை கேட்டது. ஒவ்வொரு சத்தத்துக்கும் அவன் தோள் ஒரு தரம் துடித்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது, அவனைப் பார்த்து இல்லை, அவன் வீம்பைப் பார்த்து.

வெயில் உச்சிக்கு ஏறிய பிறகு, எழுந்து வந்து ரோஸ் சக்கரத்தைப் பிடுங்கிக்கொண்டு இறங்கினான். நாலைந்து வீச்சு அருமையாகப் போயிற்று. அந்தப் பொம்மைக் கம்பிலும் நூல் நீரின் மேல் சத்தமில்லாமல் படுத்தது. கிழடு மேலே வந்து பார்த்துவிட்டுப் போயிற்று. அடுத்த வீச்சில் கை பாதியில் நின்றது. "அம்மா!" என்று தோளைப் பிடித்துக்கொண்டான்.

"விட்டுட்டு வாடா."

வரவில்லை. கம்பை இடது கைக்கு மாற்றினான். ஈ ஒரு தடவை கரையோர வில்லோப் புதரில் மாட்டியது, ஒரு தடவை அவன் தொப்பியில். மூன்றாவது எப்படியோ மடுவில் விழுந்தது. கிழடு எழுந்தது. அதன் கழுத்தடியில் இருந்த சிவப்புக் கோடு கரையிலிருந்த எனக்கே தெரிந்தது. வாயைத் திறந்தது. இவன் அவசரப்பட்டு இழுத்துவிட்டான். ஈ மட்டும் திரும்பி வந்தது.

அது போகவில்லை, அங்கேயே மறுபடி எழுந்தது. வென்டெல் கடிகாரத்தைப் பார்த்தான். மணி இரண்டு. நூலைச் சுற்ற ஆரம்பித்தான்.

"இன்னொரு தடவை போடுடா! இந்தக் காட்டுல எவன் பார்க்கப் போறான்?"

"தண்ணி சுட்டுக் கெடக்கு மச்சான். இப்ப இழுத்தா செத்துப்போயிரும்."

"உன் கை போயிருச்சேடா!"

"அதுக்கு அது என்ன பண்ணும்?"

கரையேறி, கால்சட்டையைக் கழற்றும்போது சொன்னான், "எடது கையால வீச வந்துச்சு பார்த்தியா? மட்டமாத்தான் வந்துச்சு. ஆனா வந்துச்சு."

கூடாரத்தைச் சுருட்டினோம். நான் மாவிஸின் தூண்டிலை எடுத்து, தண்ணீர் சொட்டச் சொட்ட, சீட்டுக்குப் பின்னால் செருகினேன்.

"டேய், தொடைச்சுக் காய வைடா. பூஞ்சை பிடிக்கும்" என்று கத்தினான் வென்டெல்.

"பிடிச்சுட்டுப் போகட்டும். அடுத்த வருஷம் உன் எடது கைக்கு இங்கயே கெடக்கும்" என்று சொல்லி வண்டியை எடுத்தேன்.