செலவில்லாத பிள்ளை

நான்காம் வகுப்பு படிக்கும்போது ஒரு நாள் இரண்டாவது தோசை வேண்டாமென்று சொன்னேன். அதுவரை தட்டில் விழுந்த தோசை ஆறுவதற்குள் அடுத்ததற்குக் கை நீட்டுகிறவள் நான். அம்மா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் ஒன்றுமில்லை.

அம்மாவும் அப்பாவும் பிரிந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அப்பா ஜவ்வாது மலையில் சாமை, புளி என்று விவசாயம் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் அம்மாவும் போளூரில் வாடகை வீட்டில் இருந்தோம். அம்மா தையல் கடைக்குப் போனாள். எனக்காக ஜீவனாம்சம் கேட்டு கோர்ட்டில் மனு போட்டிருந்தாள். அது சம்பந்தமாக எங்கள் வக்கீல் போனில் பேசியது என் காதிலும் விழுந்தது.

"ரெண்டு விஷயம்தாம்மா பாப்பாங்க. புள்ளைக்கு இன்னா செலவாவுது, அவருக்கு இன்னா வருமானம். செலவு ஜாஸ்தி, வருமானம் கம்மின்னா கொஞ்சம் இழுக்கும்."

அப்பாவின் வருமானம் கம்மி என்பது எனக்கே தெரியும். இதில் செலவும் ஜாஸ்தி என்று தெரிந்து இருவருமே என்னை வேண்டாமென்று விட்டுவிட்டால்? என் கையில் இருந்தது செலவைக் குறைப்பது ஒன்றுதான். குறைத்தேன். பள்ளி டூர் பிடிக்கவில்லை என்றேன். சிறிதாகிப்போன செருப்பு சரியாக இருக்கிறது என்று சாதித்தேன். மதியச் சத்துணவு அரசாங்கச் செலவு என்பதால் அங்கே மட்டும் வஞ்சனை வைக்கவில்லை.

கோர்ட்டில் சமரசம் பேசத் தனி அறை இருந்தது. பேசி முடித்துவைக்க ஒரு வக்கீலம்மா. அவருக்கு எதிரே எங்கள் வக்கீல், அம்மா, நான், அப்பா, அப்பாவின் வக்கீல் என்று வரிசையாக உட்கார்ந்தோம்.

"மாசம் எவ்ளோ வரும்?" என்று வக்கீலம்மா அப்பாவைக் கேட்டார்.

"மாசம்னு இன்னாங்க இருக்குது? சாமை அறுத்தா உண்டு, புளி உலுக்கினா உண்டு. நடுவுல ஒண்ணுமில்லீங்க."

அப்பாவின் வக்கீல் திருப்தியாகத் தலையாட்டினார். வக்கீலம்மா என் பக்கம் திரும்பினார். "பாப்பா, நீ இன்னா சாப்டுவே?"

இதற்காகத்தானே காத்திருந்தேன்! "ஒரு தோசை போதுங்க. அதுவும் தினம் வேணாம். செருப்பு, துணி எதுவும் வேணாம். எனக்கு செலவே இல்லீங்க."

அப்பாவின் வக்கீல் முகமெல்லாம் சிரிப்பாக, "கொழந்தையே சொல்லுதும்மா, எழுதிக்குங்க" என்றார்.

அப்பா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "பொய்யிங்க! ஒரு தோசையா? லீவுல மலைக்கு வந்தா சாமச் சோறு மூணு தபா வாங்கித் தின்னுவா. பலாப்பழம் அறுத்தா பாதி இவளுக்குத்தான். காலப் பாருங்க, கட்டவிரலு வெளிய நிக்குது. வளர்ற புள்ளைங்க!"

அவருடைய வக்கீல் சட்டையைப் பிடித்து இழுத்தார். அப்பா உட்காரவில்லை.

"நாலு தோசைங்க," என்றாள் அம்மா, மெதுவாக.

"ஆமா, நாலு," என்றார் அப்பா. ஒரு வருடத்தில் இருவரும் ஒத்துப்போனது இதில்தான்.

வக்கீலம்மா எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். முடிந்ததை மாதாமாதம் அனுப்புவதாகவும், ரோட்டோரத்துப் புளியமரங்கள் இரண்டின் காய்ப்பு வருடாவருடம் எனக்கு என்றும் அப்பாவே சொன்னார். யாரும் என்னை வேண்டாமென்று சொல்லவில்லை. மூச்சு நிதானமாக வந்தது. கூடவே பயங்கரமாகப் பசித்தது.

பக்கத்து ஓட்டலில் அப்பா எனக்குப் பூரி வாங்கித் தந்தார். என் செலவை ஏற்றிச் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் தன் தலையில்தான் விழும் என்று அவருக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. அத்தனை பேர் முன்னால் என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டாரே என்ற கோபத்தில், மூன்று செட் பூரி தின்று முடிக்கும்வரை அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை.