ஆளுக்குப் பாதி மீசை

கோளுமாடண்ட குடும்பத்து மொண்ணப்பாவுக்கு நாற்பத்திரண்டு வயது வரை ஒரே ஆசைதான். கன்ன மீசை வைக்க வேண்டும். உதட்டோடு நின்றுவிடும் சாதா மீசை இல்லை. கன்னத்தில் ஏறி, காதைத் தொட்டுக்கொண்டு நிற்குமே, அது. ஆசைப்பட்டவனெல்லாம் அதை வைத்துவிட முடியுமா? குடகில் புலியைக் கொன்றவனுக்குத்தான் அந்த உரிமை. மொண்ணப்பாவோ, ஆயுதங்களுக்குப் பூசை போடும் கைல்போது பண்டிகையில் மர உச்சியில் கட்டிய தேங்காயைச் சுடச் சொன்னால் மரத்தையே தவறவிடுகிற ஆள்.

ஆனாலும் மனசு கேட்குமா? மழைக்காலம் முழுக்க வீட்டுக்குள் அடைந்து கிடந்து மீசையைக் கன்னம் வரை வளர்ப்பார். மழை விட்டு ஆள் நடமாட்டம் தொடங்கியதும் சவரக்காரர் கெஞ்சப்பாவைப் பின்கட்டுக்கு வரவழைத்து ஒட்ட எடுத்துவிடுவார். "போன வருஷத்தைவிட ரெண்டு விரக்கடை கூட வந்திருக்கு எசமான்" என்பார் கெஞ்சப்பா.

அவர் மனைவி சோணவ்வாவின் அண்ணன் பூவையா. பேரில் மட்டும்தான் பூ. ஆள் கதவை அடைத்துக்கொண்டு நிற்பார். அவருக்கும் அதே ஆசைதான், ஆனால் காட்டிக்கொள்ள மாட்டார். வேட்டைக்குக் கிளம்பும்போதெல்லாம் பத்துப் பேர் முன்னால் வைத்து, "மச்சான், நீ சோத்து மூட்டைக்குக் காவல் இரு. எறும்பு வந்தா மட்டும் எங்களைக் கூப்பிடு" என்பார். சிரிக்கிறவர்கள் சிரிப்பார்கள். மொண்ணப்பா சோற்று மூட்டையை எடுத்துத் தோளில் போட்டுக்கொள்வார். வேறென்ன செய்வது?

அந்த வருஷம் ஒரு புலி மாடு மாடாக அடித்துக்கொண்டிருந்தது. ஊரே திரண்டு காட்டை வளைத்தது. ஆள் போதாததால் மொண்ணப்பாவையும் ஓரிடத்தில் நிறுத்த வேண்டியதாயிற்று. அவருடைய துப்பாக்கியின் கட்டையைக் கரையான் தின்றிருந்தது. பூவையாவிடம் இரண்டு துப்பாக்கி. பழையதை, அதாவது வாய் வழியாக மருந்து கெட்டிக்கிறதை, இவர் கையில் கொடுத்து, "கீறல் விழுந்துச்சு, உன் தோலை உரிச்சிருவேன்" என்று எச்சரித்துவிட்டுப் போனார்.

மொண்ணப்பா என்ன செய்தார்? பக்கத்திலிருந்த பலா மரத்தில் ஏறிக்கொண்டார். காட்டில் புலி பலா மரத்தையா தேடிவரும்? ஆனால் அன்றைக்குத் தேடிக்கொண்டு வந்ததுபோல நேரே அந்த மரத்தடிக்கே வந்து உட்கார்ந்து முன்காலை நக்க ஆரம்பித்தது. மேலே இவருக்கு வேர்த்துக் கொட்டியது. கை வழுக்கித் துப்பாக்கி கீழே போயிற்று. போனது சும்மா விழவில்லை. இரண்டு வேர்களுக்கு நடுவே குழல் மேலாக நட்டுவைத்தமாதிரி நின்றது. புலி எழுந்து வந்து குழலின் வாயை முகர்ந்து பார்த்தது. பிறகு காலால் ஒரு தட்டுத் தட்டியது. துப்பாக்கி சாய்ந்து, அதன் குதிரை கல்லில் மோதி, டமார்!

ஓடிவந்த கூட்டம் பார்த்தது இதுதான்: செத்த புலி, புகையும் துப்பாக்கி, மரத்திலிருந்து நடுங்கிக்கொண்டே இறங்கும் மொண்ணப்பா. தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டார்கள். அவர் வாயைத் திறக்கவே விடவில்லை. உண்மையைச் சொன்னால், அவரும் திறக்க ரொம்பப் பிரயாசைப்படவில்லை.

புலியைக் கொன்றவனுக்கும் புலிக்கும் கல்யாணம் செய்துவைப்பது எங்கள் வழக்கம். மூங்கில் சட்டத்தில் புலியைத் தொங்கவிட்டாயிற்று. மேளம் வந்தாயிற்று. பன்றிக்கறி கொதிக்கிறது, கடம்புட்டு அரிசி உருண்டை ஆவியில் வேகிறது. மொண்ணப்பா கறுப்புக் குப்பியா அங்கியும் சிவப்புப் பட்டுக்கச்சையுமாக மாப்பிள்ளைக் கோலத்தில் நின்றார். மாப்பிள்ளை முக்காலியில் உட்காருவதற்கு முன்னால், குடும்பத்து மூல வீட்டின் தொங்கு விளக்கின் முன்னே நடந்ததைச் சொல்ல வேண்டும் என்றார் ஊர்த் தலைவர் தக்கர் மாச்சையா. அந்த விளக்கின் முன்னால் பொய் சொன்னால் வம்சம் விளங்காது.

"விளக்கைப் பாத்துச் சொல்லுப்பா. எப்படிக் கொன்ன?"

மொண்ணப்பா விளக்கைப் பார்த்தார். கையால் கன்னத்தைத் தடவிக்கொண்டார். "நான் சுடலை தக்கரே."

"பின்ன?"

"மரத்து மேல இருந்தேன்."

"எதுக்கு?"

"பயத்துக்கு."

முழுக் கதையும் வந்தது. முதலில் எழுந்தவர் பூவையா. "அப்பவே நினைச்சேன்! துப்பாக்கி என்னோடது. மருந்து என்னோடது. குண்டு நான் உருக்கி ஊத்துனது. இவன் கொடுத்தது வேர்வை ஒண்ணுதான்! நான்தான் மாப்பிள்ளை."

"அந்த வேர்வை இல்லாட்டி உன் துப்பாக்கி கீழ விழுந்திருக்குமா மச்சான்?" என்றார் மொண்ணப்பா. உண்மையைச் சொல்லிவிட்டதில் அவருக்கு எங்கிருந்தோ தைரியம் வந்திருந்தது.

"அப்படிப் பாத்தா, தட்டிவிட்டது புலிதானே?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"தற்கொலைக்கெல்லாம் கல்யாணம் கிடையாது" என்று தக்கர் அதட்டினார்.

வாதம் நீண்டது. வெளியே வெயிலில் புலி நாற ஆரம்பித்தது. கடைசியில் தக்கர் தீர்ப்புச் சொன்னார்: கொன்றது துப்பாக்கி; ஆகவே துப்பாக்கிதான் மாப்பிள்ளை. மொண்ணப்பாவும் பூவையாவும் மாப்பிள்ளைத் தோழர்கள்.

அப்படியே நடந்தது. பொய்யில்லை! முக்காலியில் துப்பாக்கியைச் சாய்த்து, குழலுக்குத் தலைப்பாகை சுற்றி, கட்டைக்குப் பட்டுக்கச்சை கட்டினார்கள். உறவுக்காரர்கள் வரிசையாக வந்து அரிசி தூவி, கெண்டியிலிருந்து மாப்பிள்ளைக்கு ஒரு வாய் பால் கொடுத்தார்கள். மாப்பிள்ளைக்கு வாய் எது? குழல்தான். "ஐயோ, துருப்பிடிச்சிரும்! போதும், அவருக்குப் போதும்!" என்று பூவையா அலறியதை யார் கேட்டார்கள்? காசையும் குழலுக்குள்தான் போட்டார்கள்.

எல்லாம் முடிந்தபின்தான் முக்கியமான கேள்வி வந்தது. மீசை யாருக்கு? துப்பாக்கிக்கு மீசை வளராது. இரண்டு மச்சான்களும் மறுபடி எகிறினார்கள். தக்கருக்கு நல்ல பசி. "ஆளுக்குப் பாதி! மொண்ணப்பாவுக்கு இடது கன்னம், பூவையாவுக்கு வலது கன்னம். ஒருத்தன் பாதியை மத்தவன் தொடக் கூடாது. எழுந்திரிங்க, கறி ஆறுது" என்று சொல்லிவிட்டுப் போய் இலையில் உட்கார்ந்துவிட்டார். விளக்கின் முன் சொன்ன தீர்ப்பு. மாற்ற முடியுமா?

வளர்த்தார்கள். வளர்த்தபின்தான் வினை புரிந்தது. மொண்ணப்பா தனியாகச் சந்தைக்குப் போனால் இடப்பக்கம் வருகிறவன் கும்பிடுவான், வலப்பக்கம் வருகிறவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பான். பூவையாவுக்கு அதுவே தலைகீழ். கெஞ்சப்பாவோ சவரம் செய்யும்போது சிரிப்பை அடக்க முடியாமல் இரண்டு தடவை கன்னத்தைக் கீறிவிட்டார். வேறு வழியில்லை. இருவரும் எங்கே போனாலும் சேர்ந்தே போனார்கள்: பூவையாவுக்கு இடப்பக்கம் மொண்ணப்பா, தோளோடு தோள் ஒட்டி. எதிரே வருகிறவனுக்கு முழுசாக ஒரு மீசை தெரியும்.

"எனக்குக் கட்டிவச்சது ஒரு புருஷனை. வாசல்ல வந்து நிக்கிறது ரெண்டு பேர்" என்று சோணவ்வா தலையில் அடித்துக்கொண்டாள்.

ஒருமுறை நாய்க்கு வேட்டைப் பங்கு தருவதில் சண்டை வந்து மூன்று மாதம் பேச்சில்லை. இருவரும் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. ஒரு கல்யாண அழைப்பு வந்தது. முகூர்த்த நாளன்று பூவையா வந்து வாசலில் நின்று தொண்டையைக் கனைத்தார். மொண்ணப்பா வந்து இடப்பக்கம் நின்றுகொண்டார். போகும்போதும் பேசவில்லை, வரும்போது பாதி வழியில், "கறியில உப்பு கம்மி" என்றார் பூவையா. "ஆமா மச்சான்" என்றார் மொண்ணப்பா. அவ்வளவுதான், சரியாகிவிட்டது.

பத்தொன்பது வருஷம் இப்படியே போயிற்று. அந்த ஆடி மழையில் பூவையாவுக்குக் காய்ச்சல் கண்டது. எட்டாம் நாள் போய்விட்டார்.

குளிப்பாட்டி, வெள்ளைக் குப்பியா உடுத்திக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். மொண்ணப்பா வழக்கம்போல இடப்பக்கம் போய் உட்கார்ந்தார். அழவில்லை. தக்கர் மாச்சையாவுக்கு அப்போது எண்பதைத் தாண்டிவிட்டது. தடியை ஊன்றிக்கொண்டு வந்து, எல்லாரும் கேட்கச் சொன்னார்: "மொண்ணப்பா, இனி வலது கன்னமும் உனக்குத்தான். தீட்டுக் கழிஞ்சதும் முழுசா வளத்துக்கோ. விளக்குச் சாட்சி."

மொண்ணப்பா வலது கன்னத்தைத் தடவிப் பார்த்தார். நாற்பது வருஷமாகக் கேட்ட வரம். பிறகு மனைவியைக் கூப்பிட்டார்.

"சோணவ்வா, கெஞ்சப்பாவை வரச் சொல்லு. அப்படியே கொஞ்சம் பலாப்பிசின் எடுத்துட்டு வா."

கெஞ்சப்பா வந்தார். "எடுத்துடு" என்றார் மொண்ணப்பா. "ஒரு மயிர் சிந்தாம எடு." இடது கன்னத்து மீசை முழுவதும் ஒரு வெற்றிலையில் சேர்ந்தது. மொண்ணப்பா பூவையாவின் இடது கன்னத்தில் பிசினைத் தடவி, அதை ஒவ்வொரு கொத்தாக வைத்து, காதுவரை ஒட்டினார்.

தக்கர் குனிந்து பார்த்தார். "லேசாக் கோணுது."

"உயிரோட இருந்தப்பவும் கோணல்தான் தக்கரே" என்றார் மொண்ணப்பா. அப்போதுதான் அவருக்கு அழுகை வந்தது. "தனியாப் போறான். பாதி மீசையோட போனா அங்க சிரிக்க மாட்டாங்களா?"

பூவையா முழு மீசையோடுதான் சிதையேறினார். தீட்டுக் கழிந்த பிறகு, கெஞ்சப்பா கத்தியைத் தீட்டிக்கொண்டு, "ரெண்டு பக்கமும் விட்டுரலாமா எசமான்?" என்று கேட்டார்.

"ரெண்டு பக்கமும் எடுத்துடு" என்றார் மொண்ணப்பா.