அப்பா மட்டம் போட்ட நாள்

ஸ்ரீவராகத்துத் தெருக்களில் என்னைவிடக் கெட்டிக்காரன் கிடையாது என்று எட்டு வயதில் நான் நம்பியிருந்தேன். அப்படி நம்பியவன் நான் ஒருவன்தான். என் அசட்டுத்தனத்தின் அளவு இதிலிருந்தே தெரிந்துவிடும். ஆனால் இங்கே சொல்லப்போவது அதைவிடப் பெரிய அசட்டுத்தனம்.

யுத்த காலம். அம்மாவின் ஒரே தம்பி பட்டாளத்தில் சேர்ந்து பர்மாப் பக்கம் போயிருந்தார். தாய் தகப்பன் இல்லாத பிள்ளை. அம்மாதான் சோறூட்டி வளர்த்தாள். மீசை அப்போதுதான் அரும்பியிருந்தது. மாமாவுக்குக் காதை மட்டும் தனியாக ஆட்டத் தெரியும். அப்பா ஜபத்தில் உட்கார்ந்திருக்கும்போது அவர் முதுகுக்குப் பின்னால் நின்று ஆட்டிக் காட்டுவார். நான் சிரிப்பேன். அடி எனக்கு விழும்.

மாமாவிடமிருந்து கடிதம் வந்து மாதக்கணக்காகியிருந்தது. அம்மாவுக்கு நிறைமாதம். வாசலில் சைக்கிள் மணி கேட்டால் போதும், தந்திச் சேவகனோ என்று கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடிவருவாள். ஒருநாள் நான் வாயாலேயே சைக்கிள் மணி அடித்துப் பார்த்தேன். பட்டாளத்துக்குப் பிள்ளையை அனுப்பிய பெண்களெல்லாம் தெருவுக்கு வந்துவிட்டார்கள். வந்தவர்கள் என் முதுகில் ஆளுக்கொன்று வைத்துவிட்டுப் போனார்கள். அம்மா மட்டும் அடிக்கவில்லை. நிலையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் மூச்சு வாங்கினாள். மாமா பட்டாளத்தில் கொடுத்திருந்தது அப்பா வேலை பார்த்த சர்க்கார் கச்சேரியின் விலாசம் என்பது அவளுக்குத் தெரியாது.

ஒரு மத்தியானம், கணக்குப் பரீட்சைக்குப் பயந்து ஸ்கூலுக்குப் போகாமல் குளத்துப் படியில் மீனுக்குப் பொரி போட்டுக்கொண்டிருந்தேன். கச்சேரியில் குமாஸ்தா வேலை பார்த்துக்கொண்டிருக்க வேண்டிய அப்பா அங்கே வந்தார். கோட்டைக் கழற்றிப் படியில் வைத்தார். அதன்மேல் தலைப்பாகையை வைத்தார். பிறகு கட்டிய வேட்டியோடு இறங்கித் தலை முழுகினார். சித்திரை வெயிலிலும் வெந்நீர் கேட்கிற மனிதர். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அந்தச் சத்தத்தில்தான் அகப்பட்டேன்.

அவர் அடிக்கவில்லை. கண்கள் சிவந்திருந்தன. தண்ணீர் போயிருக்கும் என்று நினைத்தேன்.

"ஸ்கூல் இல்லையோ?"

"உங்களுக்கு ஆபீஸ் இல்லையோ?"

அப்பா துண்டால் முகத்தை மூடித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "நீ ஸ்கூல் போகாததை நான் அம்மாகிட்ட சொல்லலை. நான் குளிச்சதை நீயும் பறயப்படாது, கேட்டியா."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்பாவும் நம்மைப் போல மட்டம் போடுகிற ரகம்தான்.

அன்றிலிருந்து வீட்டில் எல்லாம் கோணலாக நடந்தது. தீபாராதனைக்குத் தவறாத அப்பா கால்வலி என்று கோயிலுக்கே போகவில்லை. அடுத்த வீட்டு மாமி வந்தாள். அம்மாவின் வயிற்றைப் பார்த்தாள். சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு ஒரு கிண்ணம் மோர் வாங்கிக்கொண்டு போனாள்.

"தம்பிகிட்டேர்ந்து ஏதாவது உண்டோ?" என்று அம்மா கேட்டால், "யுத்தத்துல தபால் இப்படித்தானாக்கும்" என்று அப்பா சுவரைப் பார்த்துச் சொல்வார். நானோ அப்பாவின் குடுமி என் கையில் என்ற மிதப்பில் இருந்தேன். கண்ணைச் சிமிட்டினால் பெப்பர்மிண்ட் வந்தது.

அம்மாவைப் பார்க்கத்தான் சகிக்கவில்லை. அவளுக்குச் சோறு இறங்கவில்லை. சிரிக்கவைக்க மாமா இல்லை. எனக்கோ காது ஆடாது. கைவசம் இருந்தது ஒரே ஒரு வேடிக்கை. அவள் அடுக்களையில் பலாக்கொட்டைக்குத் தோல் உரித்துக்கொண்டிருந்தபோது அதை எடுத்து விட்டேன்.

"அம்மா, அப்பா ஆபீசுக்கு மட்டம் போட்டுட்டுக் குளத்துல கும்மாளம் அடிச்சார்."

"சும்மா இருடா."

"சத்தியமா. வேஷ்டியோட. தலை முழுக."

உரித்த கை நின்றது. "எண்ணெய் தேச்சிண்டிருந்தாரோ?"

"இல்லை. ஆபீஸ்லேர்ந்து நேரா வந்து முழுகினார். கண்ணெல்லாம் செவந்து போச்சு."

சிரிப்பு வரும் என்று அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீடுகளில் உறவுக்காரரைப் பற்றி ஒரே ஒரு வகைச் செய்தி காதில் விழுந்தால்தான் இப்படி உடுத்த துணியோடு போய் முழுகுவார்கள் என்று எனக்கு அதுவரை யாரும் சொல்லியிருக்கவில்லை.

அம்மா பலாக்கொட்டையைத் தள்ளி வைத்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். கொல்லைக் கிணற்றடிக்குப் போனாள். அந்த வயிற்றோடு, நான் இழுக்கிறேன் என்றதைக் காதில் வாங்காமல், தானே நீர் இறைத்துக் கட்டிய புடவையோடு தலையில் கொட்டிக்கொண்டாள்.

"காலம்பறதானே குளிச்சே? மறுபடியும் எதுக்கும்மா?"

வாளி இன்னொரு தரம் கிணற்றில் இறங்கியது. கயிற்றைப் பார்த்தபடியே சொன்னாள்:

"அவனுக்கு நான் அக்காவாக்கும்."